பாலத்தடிக் கொடுவா

மன்னார்ப் பாலத்துக்குக் கீழே ஓடுவது ஆறு இல்லை. வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் நடுவே தீவைப் பெருநிலப்பரப்பிலிருந்து பிரிக்கிற ஒடுங்கிய நீர்ப்பாதை அது. வாடை அடிக்கும் மாதங்களில் தண்ணீர் வடக்கிலிருந்து தெற்கே தள்ளும். சோளகம் எழும்பிவிட்டால் தெற்கிலிருந்து வடக்கே. இதன் மேல் நாளாந்தம் வருகிற பெருக்கும் வற்றும் வேறு. எங்கள் பக்கத்துப் பெருக்கு பெரியது என்று சொல்ல முடியாது. கரையில் நிற்பவனுக்கு முழங்கால் அளவுக்கு ஏறி இறங்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தண்ணீர் முழுவதும் பாலத்தடியால்தான் போய் வரவேண்டும். ஆகவே அங்கே ஓட்டம் எப்போதும் உண்டு. ஓட்டம் உள்ள இடத்தில் தூண் இருந்தால், தூணுக்குப் பின்னால் மீன் நிற்கும்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. அவருக்கு உப்பளத்தில் வேலை. வள்ளம் கிடையாது, வாங்கும் எண்ணமும் இருந்ததாகத் தெரியவில்லை. உப்புப் பாத்திக்குக் கடல் தண்ணீர் எடுக்கிற மடையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்த மனிதருக்குப் பெருக்கு எத்தனை மணிக்கு என்று சொல்ல மணிக்கூடு தேவைப்படவில்லை. பறுவத்தைக் கணக்கு வைத்து விரலை மடக்குவார், "நாளைக்கு விடிய ஆறரைக்குத் தண்ணி திரும்பும், எழும்பு" என்பார். பள்ளிமுனையில் வள்ளமும் வலையும் வைத்திருந்த சொந்தக்காரர்களுக்கு இது பெரிய பகிடி. கல்லில் குந்தியிருந்து நூல் போடுவதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்பார்கள். மாமா பதில் சொல்லமாட்டார். அடுத்த நாள் கொடுவாவின் செவுளில் கயிறு கோத்து, அவர்கள் வாசல் வழியாகத்தான் வீட்டுக்கு வருவார்.

நான் சொல்வது எண்பதுகளின் தொடக்கம். எங்கள் வீடு பெரியகடையில். அங்கிருந்து பார்த்தால் பாலத்தடி தூரம் இல்லை. தீவின் முனையில் கோட்டை; 1560 இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தது. நீர்ப்பாதைக்குக் காவலாக அதை அங்கே வைத்தவர்கள் இடம் தெரிந்தவர்கள். கோட்டையைத் தாண்டினால் பாலம், பாலத்தைத் தாண்டினால் தள்ளாடி வரைக்கும் மூன்று கிலோமீற்றருக்கு மேல் நீளும் தாம்போதி. வாகனப் பாலம் 1930 இல் கட்டப்பட்டது. பக்கத்தில் நின்ற புகையிரதப் பாலம் அதற்கு மூத்தது. 1914 இல் தலைமன்னார்ப் பாதை திறந்த காலத்தது. எத்தனையோ தூண்கள், ஒவ்வொன்றிலும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அடை அடையாகச் சிப்பி. அந்தச் சிப்பிதான் எங்கள் எதிரி. நூல் அதில் ஒரு முறை உரசினால் போதும், மீனும் இல்லை, தூண்டிலும் இல்லை.

தண்ணீர் வந்து மோதுகிற பக்கத்தை மாமா தூணின் முகம் என்பார். மறுபக்கம் முதுகு. முகத்தில் மோதிய தண்ணீர் இரண்டாகப் பிரிந்து இரு பக்கத்தாலும் விரைந்து போகும். முதுகில் ஒரு சுழல் உண்டாகும், அதற்குள் ஓட்டம் ஓய்ந்திருக்கும். தூணின் அடியில் மணல் அரிபட்டுக் குழி விழுந்திருக்கும். பெரிய மீன் அந்தக் குழிக்கு மேலே, கலியாண வீட்டில் பந்தி பரிமாறுகிற வழி பார்த்து உட்கார்ந்தவனைப் போல நிற்கும். இறாலும் மணலைக் குஞ்சும் ஓட்டத்தில் தானாக வந்து சேரும். ஒரு முறை வாயைத் திறந்தால் சரி. வாடையில் முதுகு தெற்குப் பக்கம், சோளகத்தில் வடக்குப் பக்கம். பெருக்கும் வற்றும் குறுக்கிட்டால் சில மணி நேரத்துக்கு அது மாறும். "தண்ணி எங்கயிருந்து வருதெண்டு முதல்ல பார். பிறகு தூண்டிலை எடு" என்பதுதான் மாமாவின் முதல் பாடம், ஒரு கைப்பிடி சாதாழையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டு, அது போகும் திசையைப் பார்க்காமல் அவர் நூலைத் தொட்டதே இல்லை.

ஆனால் பாலத்துக்கு வருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கவேண்டும். அது இரை பிடிக்கும் வேலை.

செத்த இரைக்குக் கெழுத்தி வரும், நண்டு வரும், சும்மா கொறிக்கிற சில்லறை மீன் வரும். கொடுவாவும் செம்பல்லியும் வேண்டுமென்றால் இரை துடிக்கவேண்டும். விடியுமுன் உப்பளத்து வாய்க்காலுக்குப் போவோம். மாமா வீச்சு வலையின் ஓரத்தைப் பல்லில் கடித்து, பாதியைத் தோளில் போட்டு, இடுப்பைத் திருப்பி எறிவார். வலை வட்டமாக விழும் சத்தம் இருட்டில் நன்றாகக் கேட்கும். விரல் நீள இறாலும் அதைவிடக் கொஞ்சம் பெரிய மணலைக் குஞ்சும் அகப்படும். எல்லாவற்றையும் எடுக்கமாட்டார். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டுதான் குஞ்சைத் தொடவேண்டும். காய்ந்த கை பட்டால் செதிள் உதிரும், செதிள் உதிர்ந்தது பாலம் போய்ச் சேருமுன் வயிற்றைத் திருப்பிவிடும். சூடை கண்ணைப் பறிக்கிற இரை. ஆனால் வாளிக்குள் நிற்காது, கொஞ்ச நேரத்தில் செத்துப் போகும். எங்களுக்கு எதுவும் கிடைக்காத நாட்களில் குளத்து யப்பான் மீன் கைகொடுத்தது. 1952 இல் இலங்கைக் குளங்களில் கொண்டுவந்து விடப்பட்ட திலாப்பியாதான் அது. உப்புத் தண்ணீரையும் தாங்கும், தூண்டிலில் குத்தினாலும் மணிக்கணக்கில் நீந்தும். எங்கள் வீட்டில் அதைக் கறிக்கு மதிக்கமாட்டார்கள்; கொடுவா அதை மதிப்பது எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது.

இரையை உயிரோடு வைத்திருப்பது என் பொறுப்பு. தகரவாளி வெயிலில் சூடேறும் என்பதால் அதைச் சுற்றி நனைத்த சாக்கு. தண்ணீரை ஒரே தடவையில் மாற்றக்கூடாது. பாதியை ஊற்றிப் பாதியை அள்ளவேண்டும். பாலத்துக்குப் போனதும் குஞ்சுகளை ஆணியால் துளை போட்ட பால்மா ரின்னுக்கு மாற்றி, கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கிவிடுவோம். ஓட்டம் அதற்குள் புகுந்து போய்வரும், பிறகு கவலை இல்லை. இறாலுக்கு வாளியே தேவையில்லை. ஈரச் சாதாழைக்குள் அடுக்கி நிழலில் வைத்தால் வெகுநேரம் தாங்கும். எடுக்கும்போது கையில் படீரென்று அடிக்கும்.

தூண்டிலில் குத்துவதிலும் முறை உண்டு. இறாலுக்குத் தலையில் கொம்புக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அதைத் தொட்டால் இறால் அந்த நிமிடமே சரி. அதற்கு முன்னால், ஓட்டை மட்டும் பிடிக்கிற மாதிரித் தூண்டிலை ஏற்றவேண்டும். மணலைக் குஞ்சுக்கு இரண்டு வழி. ஓட்டம் பலமாக இருக்கும்போது கீழ் உதட்டால் ஏற்றி மேல் உதட்டால் எடுக்கவேண்டும்; அப்போதுதான் அது ஓட்டத்துக்கு முகம் கொடுத்து நீந்தும். முதுகில் குத்தினால் ஓட்டம் அதைக் குறுக்கே பிடித்து இழுக்கும், மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். தண்ணீர் ஓய்ந்த நேரத்தில் முதுகுச் செட்டைக்கு முன்னால் குத்தலாம். அப்போது அது கீழே போகப் பார்த்து ஓயாமல் அடிக்கும், பெரியவன் அந்த அடியைக் கேட்டு வருவான்.

எங்களிடம் தூண்டில் கோல் இருக்கவில்லை. போத்தலில் சுற்றிய தங்கூசி நூல், ஒரு சின்ன ஈயம், தூண்டில். போத்தலின் கழுத்தை வெளிப்பக்கம் நீட்டிப் பிடித்தால் நூல் வழுக்கிக்கொண்டு போகும். சீலா நடமாடுகிற காலத்தில் மட்டும் சைக்கிள் பிரேக் கம்பியிலிருந்து ஒரு இழையைப் பிரித்துத் தூண்டிலுக்கு மேலே கட்டுவோம். சீலாவின் பல்லுக்குத் தங்கூசி ஒரு பொருட்டில்லை.

பாலத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முகப் பக்கத்தில் நின்று இரையை ஓட்டத்தில் விடுவார்கள். அது தானாகத் தூணுக்குப் போகும் என்பது உண்மைதான். ஆனால் மீன் கடித்த பிறகு அதைப் பாலத்துக்குக் கீழால், ஓட்டத்துக்கு எதிராக, சிப்பித் தூண்களுக்கு நடுவால் இழுத்து எடுக்கவேண்டும். ஒன்றும் மிஞ்சாது. மாமா முதுகுப் பக்கத்தில், தூணுக்கு நேரே நிற்காமல் ஒரு எட்டுத் தள்ளி நிற்பார். தூணின் இரு பக்கத்தாலும் விரைகிற தண்ணீருக்கும் நடுவில் ஓய்ந்த தண்ணீருக்கும் எல்லையில் நுரை ஒரு கோடாகக் கிடக்கும். அந்தக் கோட்டில் இரையை இறக்குவார். பிறகு அவர் செய்ய எதுவும் இல்லை. சுழலில் திரும்பி ஓடுகிற தண்ணீர் இரையை மெல்ல மெல்லத் தூணை நோக்கி இழுத்துக்கொள்ளும். ஈயம் பாரமாக இருந்தால் இது நடக்காது. ஆகக் குறைந்த ஈயம், அதுவும் ஓட்டம் கூடக்கூடக் கொஞ்சம் சேர்த்து. பறுவத்தை ஒட்டிய நாட்களில் நடுப்பெருக்கில் எதைப் போட்டாலும் நிற்காது; தண்ணீர் திரும்புவதற்குச் சற்று முன்னும் பின்னும்தான் நேரம். அட்டமி நவமியில் ஓட்டம் சோம்பிக் கிடக்கும், மீனும் தூணை விட்டுப் பரந்துவிடும். அந்த நாட்களில் மாமா வலை பொத்துவார்.

நூல் சுட்டுவிரலில் கிடக்கும். விரலில் சைக்கிள் ரியூப் வெட்டிய வளையம், இல்லாவிட்டால் தங்கூசி சதையை அறுத்துவிடும். இரை நீந்துவது விரலுக்குத் தெரியும்: சின்ன, ஒரே சீரான துடிப்பு. திடீரென்று அது வேகமாகும். அங்கும் இங்கும் ஓடப் பார்க்கும். பெரிய மீன் இரையைக் கண்டுவிட்டது, இரையும் அதைக் கண்டுவிட்டது என்று அர்த்தம். பிறகு துடிப்பு அடியோடு நின்றுவிடும். அந்த நொடியில் நான் இழுக்கப் போவேன். "இழுக்காத. விடு. அவன் தின்னட்டும்" என்று மாமாவின் கை என் மணிக்கட்டில் விழும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கொடுவாவைவிட அந்தத் துடிப்பு நிற்கிற நேரம்தான் பெரிதாகத் தெரிகிறது.

கொடுவா மேல்தண்ணீரில் எடுத்தால் "டொப்" என்று சத்தம் கேட்கும்; வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சுகிற சத்தம். கடித்ததும் ஓடும், வெளியே பாய்ந்து தலையை உதறும். அதன் செவுள் மூடியின் ஓரம் கத்தி. உதறும்போது நூலை விறைப்பாக வைத்தால் அறுத்துக்கொண்டு போய்விடும். பாய்கிற நேரம் கையைத் தாழ்த்தி நூலைத் தளர்த்தவேண்டும். இன்னொரு விசித்திரம் இதற்கு உண்டு. கொடுவா ஆணாக வளர்ந்து, சில வருடங்களுக்குப் பிறகு பெண்ணாக மாறுகிற சாதி. மிகப் பெரிய கொடுவா எல்லாம் அநேகமாகப் பெண்தான். அவுஸ்திரேலியாவில் பரமுண்டி என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களே, அதுவும் இதே மீன்தான். அங்கும் பாலத் தூண், விழுந்த மரம், ஆற்று முகம் என்று ஓட்டம் ஓய்கிற இடம் பார்த்துத்தான் தேடுகிறார்கள்.

செம்பல்லி வேறு குணம். பாய்ச்சல் ஒன்றும் இல்லை, கடித்த அதே வேகத்தில் நேரே தூணுக்குள் போகும். முதல் இழுப்பில் அதன் தலையைத் திருப்பினால் மீன் உனக்கு, இல்லாவிட்டால் சிப்பிக்கு. கலவாய் குழிக்குள் புகுந்து செவுளை விரித்துக்கொண்டு கிடக்கும். இழுத்தால் நூல்தான் அறும். நூலைத் தளரவிட்டுவிட்டு ஒரு சுருட்டுப் புகைத்து முடிக்கிற வரைக்கும் மாமா காத்திருப்பார். ஆபத்து போய்விட்டது என்று நினைத்து அது தானாக வெளியே வரும். அப்போது ஒரே இழுப்பு. கெழுத்தியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதன் முள் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீருக்குள் கையை வைக்கவேண்டும், வேறு எந்தப் பச்சிலையும் அதற்கு ஈடில்லை.

பிடித்த மீனை மேலே கொண்டுவருவது தனிக் கலை. பெரிய மீனை நூலில் தூக்கினால் பாதி உயரத்தில் தூண்டில் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதற்காகப் பழைய சைக்கிள் ரிம்மில் கிழிந்த வலையைத் தைத்து, நாலு கயிறு கட்டி வைத்திருந்தோம். அதைத் தண்ணீருக்குள் இறக்கி, களைத்த மீனை அதன் மேலே நடத்திக் கொண்டுவந்து தூக்கவேண்டும். ரிம் பிடிக்கிறவன் உப்புக்குளத்துக் கூட்டாளி. என் வகுப்புத்தான். அவசரப்படமாட்டான். மீனின் வாலுக்குக் கீழே ரிம்மைக் காட்டினால் அது வெருண்டு ஓடும், தலைக்கு நேரேதான் காட்டவேண்டும் என்பதைச் சொல்லாமலே செய்கிறவன். ஒரு மீனாவது அவன் கையில் தப்பியதாக எனக்கு நினைவில்லை. பங்கில் அவனுக்குச் செம்பல்லி பிடிக்கும், எங்கள் வீட்டில் கொடுவாத் தலைக்குத்தான் போட்டி. அம்மம்மா புளி கரைத்து வைக்கிற அந்தத் தலைக்கறிக்கு முன்னால் மற்றதெல்லாம் ஒன்றுமில்லை.

இரவு கொழும்பிலிருந்து புறப்பட்ட மெயில் விடிகிற நேரத்தில் பக்கத்துப் பாலத்தால் போகும். தலைமன்னாரில் இறங்கி, இராமானுஜம் கப்பல் ஏறி இராமேஸ்வரம் போகிற சனம் யன்னலால் எட்டிப் பார்க்கும். நாங்கள் கை காட்டுவோம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரைக்கும் கப்பல் அங்கேதான் போனதாம். ரயில் போன அதிர்வில் இறாலெல்லாம் தூணை விட்டுக் கிளம்பும், அதனால்தான் அதன் பின்னால் மீன் நன்றாகக் கடிக்கிறது என்பது பாலத்தடியில் எல்லோரும் நம்பிய சங்கதி. நான் இப்போது நம்பவில்லை. விடியல் வெளிச்சத்தில் கொடுவா கடிக்கத்தான் செய்யும். ரயில் அந்த நேரத்தில் வந்தது, அவ்வளவுதான். ஆனால் ரயில் பிந்திய நாட்களில் மாமாவே நூலைப் போடாமல் காத்திருந்ததும் உண்மை.

எண்பதுகளின் நடுவில் கப்பல் நின்றது. 1990 இல் பாலங்கள் தகர்க்கப்பட்டன. அதே வருடம் ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவுச் சனம் வள்ளங்களில் கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கியது. என் கூட்டாளியின் குடும்பமும் அதில். பிறகு புத்தளத்தில் இருந்தார்கள். பாலத்தடி, பிள்ளைகள் போகிற இடமாக இல்லாமல் போனது. கடலுக்குப் போவதற்கே பாஸ் கேட்கிற காலத்தில் யார் தூணுக்குப் பின்னால் நுரைக்கோடு பார்ப்பது?

யப்பானிய உதவியோடு கட்டிய புதிய பாலம் 2010 இல் திறந்தது. ஐந்து வருடம் கழித்து, 2015 மார்ச்சில், தலைமன்னாருக்கு ரயிலும் திரும்ப ஓடியது. கூட்டாளி இப்போது ஊருக்கு வந்து போகிறான். புதிய தூண்களிலும் சிப்பி ஏறிவிட்டது, தண்ணீர் பழையபடி வாடைக்கு ஒரு பக்கமும் சோளகத்துக்கு ஒரு பக்கமுமாக ஓடுகிறது. பொடியன்கள் நல்ல கோலும் சுழல் உருளையும் வைத்து, றப்பர் மீனை எறிந்து எறிந்து இழுக்கிறார்கள். அதிலும் கொடுவா படத்தான் செய்கிறது. ஆனாலும் உயிர் இரைக்கு நான் கட்சி. ஒரு நேரத்தில் ஒரு மீன், அதுவும் இன்ன மீன் என்று தெரிந்து. சின்னதென்றால் திரும்ப விடலாம். இந்தக் கரைக்கு எதிரே வந்து அடிமடியைச் சுரண்டிக்கொண்டு போகிற இழுவைப் படகுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். இலங்கையில் அடிமடி இழுவையைச் சட்டம் 2017 இலேயே தடைசெய்துவிட்டது. கடலில் இரவில் தெரிகிற வெளிச்சங்களுக்கு அது தெரியவில்லை.

பாலத்துக்கு வருகிறவர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். தாம்போதியின் ஓரத்திலிருந்து வங்காலை வரை கிடக்கிற சதுப்பு 2008 இல் சரணாலயம் ஆனது, 2010 இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மாரியில் பூநாரையும் உள்ளானும் வந்து இறங்குகிற இடம். சிப்பியில் சிக்கி அறுந்த நூலை நீங்கள் தேடி எடுக்க முடியாது. ஆனால் கையில் மிஞ்சுகிற துண்டையும் சிக்கெடுக்க முடியாத சுருளையும் கைப்பிடிச் சுவருக்கு மேலால் எறிகிறீர்களே, அதை எறியாதீர்கள். தங்கூசி உக்காது. பறவையின் காலில் சுற்றினால் அது பறக்காது. சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் எறியுங்கள்.